முதல் ஷிப்டுக்குக் கதவு தட்டும் சத்தம்

பெண்கள் விடுதிக் காப்பாளர் வேலை என்பது, ஊரார் பெற்ற பிள்ளைகளுக்கெல்லாம் நாம் பதில் சொல்லிக்கொண்டிருக்கிற வேலை. என்னைப்போல இதில் மாட்டிக்கொண்டவர்களுக்கு, வகுப்பு தொடங்கும் வாரத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். குழாயில் தண்ணீர் வராது, மின்விசிறி சுற்றாது, நிர்வாகி மட்டும் நம்மைச் சுற்றிச் சுற்றி வருவார். ஒரகடம் பக்கம் இருக்கும் எங்கள் இன்ஜினியரிங் கல்லூரியில் இந்த வருஷம் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது.

ஆறாத மெத்தை

சேர்க்கை படுத்துவிட்ட வருஷங்களில் விடுதியின் மாடியை ஒரு கம்பெனிக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். தெற்கத்திப் பெண்கள் அங்கே தங்கி ஷிப்டுக்குப் போய்வந்தார்கள். ஒருத்தி எழுந்து கிளம்பினால், வேலை முடித்து வந்தவள் அதே கட்டிலில் படுப்பாள். கட்டில் காலியாக இருந்து நான் பார்த்ததில்லை. இந்த வருஷம் சேர்க்கை தேவலை என்பதால், கோடையிலேயே அவர்களைக் காலி செய்யச் சொல்லி மாடியைப் பூட்டிவிட்டோம்.

முதல் வருஷப் பிள்ளைகளுக்காக நானும் தனமும் போய் அதைத் திறந்தோம். தனம் விடுதியைப் பெருக்கித் துடைப்பவள், பிள்ளைப்பாக்கத்துக்காரி. கடைசி அறையில் மெத்தையைப் புரட்டக் கை வைத்தேன். ஆள் படுத்திருக்கிற மாதிரி வெதுவெதுப்பாக இருந்தது. மேல்வெயில் பட்டிருக்கும் என்றேன். தனமும் தொட்டுப் பார்த்துவிட்டு, துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

"வெயிலு இந்தாண்ட வர்றதே இல்ல மேடம். படுத்துனு கீற ஆளு இன்னும் எய்ந்துக்கல, அவ்ளோதான்."

ஒரு போன் போதும்

மாரிச்செல்வி சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து அப்பாவோடு வந்தாள். அவர் விசைத்தறி ஓட்டுகிறவர். மற்ற பிள்ளைகள் பெட்டியும் வாளியுமாகத் திருதிருவென்று முழிக்க, இவள் மட்டும் யாரிடமும் வழி கேட்காமல் மாடி ஏறினாள். எந்தக் குழாயில் தண்ணீர் வரும் என்றுகூட அவளுக்குத் தெரிந்திருந்தது. கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டேன்.

மகளைப் படிக்க அனுப்பியதில் அப்பாவுக்கு அரை மனசுதான் என்பது அவர் நின்ற நிலையிலேயே தெரிந்தது. அவள் மேலே போனதும் என் பக்கம் வந்து மெதுவாகச் சொன்னார்.

"அவளப் பத்தி ஒரு புகாருன்னு போன் வந்தாப் போதும் மேடம், மறுபஸ்ஸுல வந்து கூட்டிட்டுப் போயிருவேன். மாப்பிள்ள வீட்டுக்காரவ காத்துக்கிட்டு இருக்காவ."

பதிலுக்குக் காத்திருந்தது

வகுப்பு தொடங்கிய அன்று, விடிவதற்கு முன் மாடியில் ஒவ்வொரு கதவாக யாரோ தட்டிக்கொண்டே போனார்களாம். "எந்திரிங்கட்டி, பஸ்ஸு வந்துட்டு" என்று தூக்கம் கலந்த ஒரு பெண் குரல். பிள்ளைகள் துணிந்து திறந்து பார்த்தபோது வராந்தாவில் ஆள் இல்லை. மறுநாளும் அதே கதை. வல்லக்கோட்டை முருகன் விபூதி எல்லா நெற்றிக்கும் ஏறியது. பாதிப் பேர் வீட்டுக்குப் போகிறேன் என்று அழுதார்கள்.

விஷமம் செய்கிறவள் யார் என்று கண்டுபிடியுங்கள், அவள் அப்பாவைக் கூப்பிட்டு அனுப்பிவிடலாம் என்றார் நிர்வாகி. எனக்கும் விஷமமாகத்தான் பட்டது. காஞ்சிபுரத்துப் பிள்ளை ஒருத்திதான் அதை ஒப்புக்கொள்ளவில்லை.

"ஆளே இல்லாத ரூமையும் தட்டுச்சு மேடம். தட்டிட்டு, பதிலு வர்ற வரைக்கும் நின்னுகினு இருந்துச்சு."

படிக்கட்டில் நான்

அடுத்த விடியற்காலை மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டேன். வந்தவள் மாரிச்செல்வி. தலைமுடியை இழுத்துக் கட்டி, தொழிற்சாலைத் தொப்பிபோலத் துண்டைச் சுற்றியிருந்தாள். கண் திறந்திருந்தது, பார்வை இல்லை. தட்டுவாள், காத்திருப்பாள், அடுத்த கதவுக்குப் போவாள். கூப்பிட்டேன், காதில் விழவில்லை. கடைசியில் என் முன்னால் வந்து நின்று, "லைன்ல ஒரு ஆளு கொறையுதுக்கா, நீங்க வாரீங்களா?" என்றாள். உண்மையைச் சொல்கிறேன், சுவரோடு ஒட்டி அவளுக்கு வழி விட்டுவிட்டேன்.

காலையில் கேட்டபோது அழுதுவிட்டாள். இதே மாடியில் தங்கி வேலை பார்த்துத்தான் படிப்புக்குப் பணம் சேர்த்திருக்கிறாள்; ஷிப்டும் தொப்பியுமாகப் போய்வந்த கூட்டத்தில் அவள் முகம் எனக்குப் பதியவில்லை. முதல் ஷிப்டுக்காரிகளை எழுப்பிவிடுவது அவள் பொறுப்பு. ஒருத்தி பஸ்ஸை விட்டாலும் அத்தனை பேரும் இவளைத்தான் ஏசுவார்களாம். அப்பாவைக் கூப்பிட்டுவிடுவார்களோ என்பதுதான் அவள் பயம்.

"தூக்கத்துல செஞ்சதுக்குமா மேடம் படிப்ப நிறுத்துவாவ?"

வரிசை

நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. அன்று அவளை என் அறையிலேயே படுக்க வைத்து, அவள் துப்பட்டா முனையை என் மணிக்கட்டில் கட்டிக்கொண்டேன். அசையாமல் தூங்கினாள். வெளியே பஸ் ஹாரன் கேட்டுத்தான் எனக்கே விழிப்பு வந்தது. முடிச்சு அவிழவில்லை, அவளும் எழவில்லை.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கேட்டுக்கு வெளியே முதல் வருஷப் பிள்ளைகள் அத்தனை பேரும் தலையை இழுத்து வாரிக்கொண்டு, ஒருவர் பின் ஒருவராக, பேச்சில்லாமல் நின்றார்கள். எதிரே கம்பெனி பஸ், கதவு திறந்தபடி. முதல் பிள்ளை படியில் கால் வைத்துவிட்டாள். ஓடிப்போய் இழுத்தேன். கேட்டால், வழக்கம்போலத் தட்டினார்கள், வந்தோம் என்கிறார்கள். டிரைவர் தலையை நீட்டினார்.

"இன்னா மேடம், ஹாஸ்டல மறுபடியும் கம்பெனிக்கே வுட்டுட்டீங்களா? வரிசையா நிக்கிறாங்களேன்னுதான் நிறுத்துனேன்."

காவலாளி மூலம் விஷயம் நிர்வாகிக்குப் போயிற்று. அவர் போனைக் கையில் எடுத்து, அப்படியே வைத்துவிட்டார். "ஒருத்தின்னா அவ அப்பாவுக்குச் சொல்லலாம். எல்லாருமேன்னா யாருக்குன்னு சொல்றது? விடுங்க."

மாரிச்செல்வி இப்போது ஒழுங்காகத் தூங்கி, ஒழுங்காக வகுப்புக்குப் போகிறாள். நான்தான் விடிவதற்கு முன் எழுந்து, நாங்கள் சேர்த்த பிள்ளைகள் கம்பெனி பஸ்ஸில் ஏறிவிடாமல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.