உப்பில்லாத கஞ்சி

பேரையூர்ப் பக்கம் எங்களுக்கு இருந்தது மழையை நம்பின செவக்காட்டு நிலத்துண்டு ஒன்று. கடலை போட்டால் வருஷா வருஷம் செடி மஞ்சளடித்து நிற்கும். "ஒங்க மூஞ்சியப் பாத்து மெரண்டுபோயிருக்கும்" என்பாள் என் வீட்டுக்காரி. நானும் ஆமாம் போட்டுவிடுவேன். அதைவிட நல்ல காரணம் எனக்கும் தெரியாது.

எண்பதுகளின் தொடக்கத்தில் அவளுக்கு வயிற்றில் கட்டி வந்தது. மதுரையில் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தோம். ஒருநாள் டாக்டர், "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க, கேட்டதைக் குடுங்க" என்றார். குணமாகிவிட்டதென்று சந்தோஷமாகத் தலையாட்டினேன். வெளியே வந்து, துணைக்கு வந்திருந்த மச்சினன் முகத்தைப் பார்த்த பிறகுதான் விளங்கியது. அம்புட்டு விவரமான ஆள் நான்.

விதைப்புக்கு முன்னால் விவசாய ஆபீஸர் ஒரு பொட்டலம் கொடுத்தார். உள்ளே கரித்தூள் மாதிரிப் பொடி.

"இதுல கண்ணுக்குத் தெரியாத உயிர் இருக்கு. வெயில் படக்கூடாது. உப்புப் போடாத ஆறின கஞ்சியில கலந்து விதையில புரட்டி, நெழல்ல உலத்தி, அன்னைக்கே போட்டுருங்க. வேர்ல முடிச்சு முடிச்சாக் கட்டும். காத்துல இருக்கிற சத்தப் பிடிச்சுச் செடிக்குக் குடுக்கும். பூக்குறப்ப ஒரு செடியப் பிடுங்கி முடிச்ச நசுக்கிப் பாருங்க. உள்ள செவப்பா இருந்தா வேலை செய்யுதுன்னு அர்த்தம்."

பொட்டலத்தைத் தண்ணிப் பானை ஓரத்து ஈர மணலில் வைத்தேன். அவள் மருந்துப் பாட்டிலும் அங்கேதான் இருந்தது.

"ரெண்டையும் மாத்திக் குடுத்துராதீக" என்றாள், படுத்தபடியே.

மழை பெய்த மறுநாள் அவளுக்குக் கஞ்சி காய்ச்சினேன். ரெண்டு மடக்குக் குடித்துவிட்டு டம்ளரைத் தள்ளினாள்.

"நெஞ்சுலயே நிக்குது. சட்டியில மிச்சம் இருக்குல்ல? அத விதைக்கு ஊத்துங்க."

"ஆபீஸர் பூச்சிக்குக் கஞ்சி கேட்டாரு. ஒன் பங்கப் பிடுங்கி ஊத்தச் சொல்லலயே."

"எனக்குத்தான் எறங்கல. அதாச்சும் குடிக்கட்டும். உப்புப் போட்டீகளா?"

"மறந்துட்டேன்."

"நீங்க மறந்து ஒரு காரியம் உருப்படுறது இதான் மொதத் தடவ."

கஞ்சி ஆறியதும் பொடியைக் கலந்து, வாசல் நிழலில் சாக்கை விரித்து நானும் மச்சினனும் விதையைப் புரட்டினோம். தன்னையும் பக்கத்தில் உட்கார வைக்கச் சொன்னாள்.

"ஒனக்கெதுக்குக்கா இந்த வேல?" என்றான் மச்சினன்.

"இதுக்குள்ள உசிரு இருக்காம்ல. தொட்டுப் பாக்குறேன்."

விதையை அளைந்து கருத்த கையை மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "பூக்குறப்ப ஒரு செடிய எனக்குக் காட்டணும். செவப்பான்னு நான் பாக்கணும்."

அதற்கப்புறம் எனக்கு வேறு வேலை இல்லை. அவள் உடம்பு ஒருபக்கம் இறங்கிக்கொண்டே வந்தது. செடி மறுபக்கம் ஆடி அசைந்து வளர்ந்தது. பூக்கும்வரை பொறுக்க முடியாமல் செடியைப் பிடுங்கிப் பிடுங்கிக் கொண்டுவந்தேன். கடுகு மாதிரி முடிச்சு இருக்கும். நகத்தால் நசுக்கிக் காட்டுவேன்.

"வெள்ளையாத்தான இருக்கு" என்பாள். "இப்பிடியே பிடுங்குனா பூக்குறதுக்குக் காட்டுல செடி இருக்காது. எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல."

அவசரம் எனக்குத்தான்.

காட்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாக மஞ்சள் பூ தலைகாட்டிய வாரம் போய்விட்டாள். சுடுகாட்டில் பால் தெளித்துக் காடாத்து முடிந்த மறுநாள் மச்சினன் ஒரு செடியோடு வந்து நின்றான். முடிச்சை நசுக்கிக் கட்டைவிரலை நீட்டினான்.

"செவப்பு, மச்சான்."

 செடியை வாங்கி, தண்ணிப் பானை ஓரத்தில் அவள் மருந்துப் பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

அந்த வருஷம் சுத்துப்பட்டில் எங்கள் காடு மட்டும் கரும்பச்சையாக நின்றது. ஆபீஸர் அக்கம்பக்கத்து ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்து வரப்பில் நிறுத்தினார்.

"அண்ணே, எப்பிடிச் செஞ்சீங்கன்னு நீங்களே சொல்லுங்க."

எல்லோரும் சிரிக்கத் தயாராக என் வாயைப் பார்த்தார்கள். அப்படிப் பழக்கி வைத்திருந்தேன்.

"கஞ்சி காய்ச்சுனேன்" என்றேன். "உப்புப் போட மறந்துட்டேன்."

 அவ்வளவுதான் வேடிக்கை என்று நினைத்து எல்லோரும் சிரித்தார்கள். மச்சினன் மட்டும் குனிந்து, இல்லாத களையைப் பிடுங்க ஆரம்பித்தான்.