கஸ்பாரின் முதுகை உடைத்தது யார்

என் தம்பி கஸ்பாரின் முதுகை மிக்கேல்ராஜ் மிதித்து உடைத்துவிட்டான் என்று ஊரில் பேசுகிறார்கள். பேசுகிறவர்கள் என் எதிரில் வந்து பேசட்டும். கூடவே இருந்தவள் நான்.

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் கஸ்பார் சுமை தூக்குகிறவன். கேரளா லாரிக்குப் போகிற முருங்கைக்காய்க் கட்டெல்லாம் அவன் தோள் ஏறித்தான் போகும். பெண்டாட்டி போய்ச் சேர்ந்தபின் என் வீட்டில்தான் சாப்பாடு. சோற்றுக்குத் தொட்டுக்கொள்கிற வெஞ்சனம் பிடிக்கவில்லை என்றால், "அக்கா, இதை லாரியில ஏத்துனா கேரளாக்காரன் திருப்பி அனுப்பிருவான்" என்பான். அப்படி ஒரு வாய்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவன் கழுத்தில் நெல்லிக்காய் போலக் கட்டிகள் வந்தன. திண்டுக்கல்லில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில், வெள்ளை அணு கூடிப்போகிற ரத்தப் புற்றுநோய் என்றார்கள். "மெதுவா நகர்ற வியாதி. இப்ப மருந்து வேண்டாம், அப்பப்ப வந்து காட்டுங்க" என்றார் டாக்டர். அதில் நான் குறை சொல்லவில்லை. அதற்கு அதுதான் முறையாம்.

போன சித்திரையில் முதுகுவலி ஆரம்பித்தது. படுத்தால் புரள முடியாது, இருமினால் கண்ணில் தண்ணீர் வரும், எந்நேரமும் அசதி வேறு. அதே டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே, "மூட்டை தூக்குற ஆளு, வலிக்கத்தான் செய்யும். அசதி பழைய வியாதியால" என்றார்.

"இம்புட்டு வருஷம் தூக்குனானுங்க. இப்படி வலிச்சதில்லையே."

"பாட்டி, ஒரு ஆளுக்கு எத்தனை வியாதிதான் இருக்கும்?" என்று சிரித்தார்.

சட்டையைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை. எக்ஸ்ரேக்கு அனுப்பவில்லை. மறுபடி போனபோதும் அதே பேச்சு, அதே சிரிப்பு.

மார்க்கெட்டில் முதுகு பிடித்துக்கொண்டால் கூடச் சுமை தூக்குகிற மிக்கேல்ராஜைத்தான் கூப்பிடுவார்கள். தாய் வயிற்றிலிருந்து கால் முதலில் வெளியே வந்தவன் அவன். அப்படிப் பிறந்தவர் மிதித்தால் பிடிப்பு விடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. லாரி டிரைவர்கள்கூட அவனிடம் மிதி வாங்கிக்கொண்டு போவார்கள். கஸ்பாரும் சாக்கை விரித்துக் குப்புறப் படுத்தான்.

"பாத்து மிதிலே. நீ தின்ன பிரியாணி பூராவும் என் மேல ஏறும்."

"வாயை மூடிட்டு மூச்சை விடுண்ணே."

மெதுவாகத்தான் காலை வைத்தான். சுள்ளி ஒடிகிற சத்தம் கேட்டது. கஸ்பார் எழுந்திருக்கவில்லை.

மதுரைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். இடுப்பெலும்பில் ஊசி போட்டு மஜ்ஜை எடுத்துப் பார்த்த டாக்டரம்மா எங்களை உட்காரவைத்துச் சொன்னார்: "இவருக்கு ரெண்டு ரத்தப் புற்றுநோய் இருக்கும்மா. முன்னாடி சொன்னது ஒண்ணு. இது எலும்பை அரிக்கிறது. அது முத்தி இதா மாறலை, ரெண்டும் வேற வேற. அபூர்வம்தான், ஆனா வரும்."

"மிதிச்சதால வந்ததா தாயி?"

"மிதிச்சது தப்புதான். ஆனா எலும்பு அதுக்கு முன்னாடியே கரைஞ்சிருச்சு. பலமா இருமியிருந்தாலே ஒடிஞ்சிருக்கும். வலி வந்தப்பவே பாத்திருக்கணும்."

ஊர் திரும்பினால், ஒரே உடம்பில் இரண்டு புற்றுநோயா, என்ன பாவம் செய்தானோ என்றாள் ஒருத்தி. அவள் வாயை அங்கேயே அடைத்தேன். மிக்கேல்ராஜ் வேலைக்கே போகாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். கஸ்பாரைப் பார்க்க வாடா என்றால், "எந்த மூஞ்சியோட வாரது அக்கா?" என்றான். சட்டையைப் பிடித்து இழுக்காத குறையாகத் திண்டுக்கல்லுக்குக் கூட்டிப்போனேன்.

மதுரையில் எழுதிக் கொடுத்த சீட்டை அந்த டாக்டர் மேசையில் வைத்தேன். "எத்தனை வியாதி இருக்கும்னு கேட்டீங்களே, இத்தனை இருக்கு. இவன் எதிர்ல சொல்லுங்க, யார் தப்பு?"

அவர் வாசித்தார். "ரொம்ப அபூர்வமான கேஸ், பாட்டி."

"அபூர்வம்னா பாக்க வேண்டாமா?"

அவர் சீட்டை மடித்து என் பக்கம் தள்ளினார். "நான்தான் சார் மிதிச்சேன்" என்று மிக்கேல்ராஜ் தேம்பினான். மிதித்தவன் அழுகிறான்; பார்க்காதவர் மணியடித்து அடுத்த ஆளைக் கூப்பிடுகிறார்.

இப்போது வாராவாரம் மதுரை ஆஸ்பத்திரியில் கஸ்பாருக்கு வயிற்றில் ஊசி. முதுகில் பெல்ட் கட்டி வாசல்வரை நடக்கிறான். அங்கிருந்து ஆட்டோவுக்கு அவனை ஏந்திக்கொண்டு போவது மிக்கேல்ராஜ்தான். வேறு யாரையும் கஸ்பார் தொடவிடுவதில்லை.

"கையால தூக்குலே" என்பான், தெருவுக்கே கேட்கிற மாதிரி. "காலை மட்டும் அந்தத் திண்டுக்கல் டாக்டருக்கு வச்சிக்க."