பிரிஜித்தா ஓட்டிய இரண்டு கார்கள்

பேரன் பிறந்த பிறகுதான் பிரிஜித்தா கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள். வெள்ளிகுளத்திலிருந்து தீக்கோயிக்கு இறங்கும் மலைப்பாதையில், சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, ஜெபமாலையைக் கியர் கம்பியில் சுற்றிவிட்டு, பல்லைக் கடித்தபடி அவள் அந்தப் பழைய வெள்ளைக் காரை இறக்கிக்கொண்டு போனதை ஊரே வேலிக்கு வந்து நின்று பார்த்தது. சிலர் சிரித்தார்கள். என் வீடு அவர்கள் வீட்டுக்கு நேர் கீழே. நான் தீக்கோயிப் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் விருப்பப்பட்டு அந்த ஸ்டியரிங்கைப் பிடிக்கவில்லை என்பது எனக்குத் தெரியும்.

அவள் புருஷன் அவிராச்சன் மிளகு வியாபாரி. தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கி மிளகு வாங்கி, மூட்டைகளைக் காரிலேயே ஏற்றிப் பாலா டவுனுக்குக் கொண்டுபோய் விற்பவர். எங்கள் ஊரில் பேருந்து வராத காலத்தில் கல்யாணப் பெண்களும், பிரசவ வலி எடுத்தவர்களும், ஆஸ்பத்திரியில் இறந்தவர்களும் அந்தக் காரில்தான் மலை ஏறி இறங்கினார்கள். அது எங்கே முனகும், எந்த வளைவில் சூடேறும், எந்தக் கதவை வெளியிலிருந்து தூக்கித் தள்ளினால்தான் மூடும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். வேறு யார் கைக்கும் அது அடங்காது.

அவருக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுதானது. செவ்வாயும் வெள்ளியும் பாலா ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். ஆரம்பத்தில் அவரே ஓட்டிக்கொண்டு போவார், திரும்பும்போது யாராவது ஓட்டி வருவார்கள். பிறகு போகும்போதும் முடியவில்லை. மகன் அயர்லாந்தில் மருத்துவமனை வேலையில் இருந்தான். கூலிக்கு வந்த டிரைவர்கள் ஒருவர் பின் ஒருவராக, இந்த வண்டியோடு மல்லுக்கட்ட முடியாது என்று நின்றுகொண்டார்கள். புது வண்டி வாங்கப் பணம் அனுப்புகிறேன் என்று மகன் சொன்னபோது அவிராச்சன் போனை மனைவியிடம் கொடுத்துவிட்டு எழுந்து போய்விட்டார். அதற்கு அடுத்த மாதம்தான் பிரிஜித்தா ஈராட்டுப்பேட்டை டிரைவிங் ஸ்கூலில் போய்ச் சேர்ந்தாள்.

போகும் வழியில் ஈராட்டுப்பேட்டையில் பரீது ஏறிக்கொள்வார். மரம் ஏற்றி இறக்கும் தொழிலாளியாக இருந்தவர். அவருக்கும் அதே நாட்களில், பக்கத்துக் கட்டிலில் டயாலிசிஸ். இரண்டு ஆண்களும் ஆஸ்பத்திரியில்தான் பழகினார்கள். நோய் வந்த பிறகு கிடைத்த ஒரே நல்ல விஷயம் பரீதுதான் என்று அவிராச்சன் சொல்வதுண்டு. பரீதின் வாய்க்கு எதுவும் தப்பாது. இந்த நோய்க்காரர்கள் ஒரு நாளைக்குக் குடிக்கும் தண்ணீரை அளந்துதான் குடிக்க வேண்டும். வண்டியோ பாதி வழியில் கொதித்து நின்றுவிடும். பிரிஜித்தா பாட்டில் பாட்டிலாக அதற்கு ஊற்றுவாள்.

"நம்ம ரெண்டு பேரையும் குடிக்கவிடாத தண்ணி எல்லாம் இதோட வயித்துக்குத்தான் போகுது அவிராச்சா. பேசாம இதையும் ஒரு கட்டில்ல படுக்கப்போட்டு ஊசி குத்தச் சொல்லு" என்பார் பரீது.

பிரிஜித்தாவையும் விடமாட்டார். உள்ளே இருக்கும் கண்ணாடியை அவள் எப்போதும் கூரையைப் பார்க்கத் திருப்பி வைத்திருந்தாள். பின்னால் லாரி ஹாரன் அடித்தால் தலையை வெளியே நீட்டித்தான் பார்ப்பாள். டிரைவிங் ஸ்கூலில் இப்படியா சொல்லிக்கொடுத்தார்கள் என்று பரீது கேட்டதற்கு, தன் முகத்தைப் பார்க்கத் தனக்கே பிடிக்கவில்லை என்று சொல்லி மழுப்பிவிட்டாள்.

அடைமழை பெய்யும் கர்க்கடக மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் அது நடந்தது. மழை இரண்டு நாளாக விடவில்லை. வெள்ளிகுளத்துக்குக் கீழே மூன்றாவது வளைவில் வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. தண்ணீர் ஊற்றியும் அசையவில்லை. போனுக்குச் சிக்னல் கிடையாது. அவிராச்சனுக்குக் கால் இரண்டும் வீங்கி, செருப்புக்குள் நுழையாமல் இருந்தது. பிரிஜித்தா மழையில் நனைந்துகொண்டு ரோட்டில் நின்றாள். நெடுநேரம் கழித்து அன்னாசிப்பழம் ஏற்றிய ஜீப் ஒன்று வந்தது. பழக்கூடைகளை ஒதுக்கி அவரை ஏற்றிக்கொண்டு போனார்கள். ஆஸ்பத்திரியில் அவருடைய முறை தாண்டிவிட்டது. எல்லா இயந்திரத்திலும் ஆள் படுத்திருந்தார்கள். மறுநாள் காலையில் வரச் சொன்னார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. காத்திருந்தவர்கள் எல்லோருமே நோய்க்காரர்கள்தான்.

விடிவதற்குள் அவருக்கு நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டது. படுக்க முடியாமல், மீன் போல வாயைத் திறந்து மூடினார். என் மருமகன்தான் தன் ஜீப்பில் கொண்டுபோனான். பிழைத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டுக்கு அழைத்து வந்தார்கள்.

அன்று சாயங்காலம் அவர்கள் இரண்டு பேருக்கும் நடந்த பேச்சைப் பிரிஜித்தா வெகுநாள் கழித்து என்னிடம் சொன்னாள். அவள் சொன்னபடியே சொல்கிறேன்.

தலையணைகளை அடுக்கி அவரைச் சாய்த்து உட்காரவைத்திருந்தாள். காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே, இந்த வண்டியை விற்றுவிடலாம் என்றாள்.

"அதை மட்டும் கேக்காத பிரிஜித்தே."

"ஏன் கேக்கக் கூடாது? நேத்து உங்க மூச்சு நின்னிருக்கும்."

"பழசுன்னா வழியில நிக்கத்தான் செய்யும். நிக்கக் கூடாத அன்னிக்கு அது நிக்கல. லில்லிக்குட்டிய உயிரோட கொண்டுபோய்ச் சேத்துச்சு. அதுக்கு மேல டாக்டருங்க கையில இருந்துச்சு, தெய்வத்து கையில இருந்துச்சு. வண்டி அதோட வேலைய செஞ்சுச்சு. அத எப்படி நான் இரும்புக்காரன்கிட்ட தள்ளுவேன்?"

லில்லிக்குட்டி அவர்களுடைய மூத்த பிள்ளை. ஆறு வயதில் மூளைக்காய்ச்சலில் போய்விட்டாள். முப்பது வருஷத்துக்கு முந்தைய கதை. ராத்திரி முழுக்க ஜன்னி கண்டு, காலையில் அவிராச்சன் அவளை இந்தக் காரில்தான் மலை இறக்கினார். ஆஸ்பத்திரியில் ஓர் இளம் டாக்டர் குழந்தையை உள்ளே தூக்கிக்கொண்டு ஓடி, கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்து, எங்களால் ஆனதைச் செய்தோம் என்று சொன்னாராம். எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது அவ்வளவுதான். அவிராச்சனுக்குத் தெரிந்ததும் அவ்வளவுதான்.

பிரிஜித்தா கால் பிடிப்பதை நிறுத்தினாள்.

"சேக்கல" என்றாள்.

அவருக்குப் புரியவில்லை.

"தீக்கோயிப் பாலம் தாண்டும்போதே போயிட்டா. என் மடியிலதான். அவ கை என் விரலப் பிடிச்சிருந்துச்சு. அது விட்டுப்போச்சு. எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

 "ஏன் சொல்லல?" என்று மட்டும் அவர் கேட்டார்.

"சொன்னா நீங்க வண்டிய நிறுத்திருவீங்க. நடு ரோட்டுல பிள்ளைய வெச்சுக்கிட்டு நாம ரெண்டு பேரும் என்ன பண்ணியிருப்போம்? நீங்க ஓட்டிக்கிட்டே இருந்தா போதும்னு இருந்துச்சு. அப்புறமா சொல்லிக்கலாம்னு நெனச்சேன். அந்த டாக்டர் பையன் அப்படிச் சொன்னதும் நீங்க அதையே பிடிச்சுக்கிட்டீங்க. அத எப்படி நான் பிடுங்குவேன்?"

அப்புறம் அவள் கண்ணாடி விஷயத்தையும் சொன்னாள். டிரைவர் சீட்டில் உட்கார்ந்த முதல் நாளே, கண்ணாடியில் தெரிந்தது அந்தப் பின்சீட்டுதான். பரீது அங்கே உட்கார்ந்திருந்தாலும் அவள் கண்ணுக்குப் பிள்ளைதான் தெரிந்தாள்.

"அதான் திருப்பி வெச்சேன். பின்னாடி என்ன வருதுன்னே தெரியாம உங்க ரெண்டு பேரையும் வெச்சுக்கிட்டு மலை எறங்குறேன் அச்சாயா. இனிமே என்னால முடியாது."

அவிராச்சன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அன்றும் மறுநாளும் அவர் வாய் திறக்கவில்லை. கொடுத்த கஞ்சியைக் குடித்தார், மாத்திரையை விழுங்கினார். சொன்னது தவறோ, சாகக் கிடப்பவரிடமிருந்து இருந்த ஒரே பிடியையும் உருவிவிட்டோமோ என்று அவள் அடுப்படியில் நின்று அழுதிருக்கிறாள். செவ்வாய்க்கிழமை என் மருமகனின் ஜீப்பில் போனார்கள். ஈராட்டுப்பேட்டையில் பரீது ஏறியதும் அவிராச்சன் அவரிடம் பேசிய முதல் வார்த்தை, நல்ல வண்டி எங்காவது விலைக்கு வருகிறதா என்று விசாரி என்பதுதான்.

பரீது அன்று வேடிக்கையாக ஒன்றும் சொல்லவில்லை. விசாரிக்கிறேன் என்றார்.

பாலாவில் ஒரு கல்லூரிப் பேராசிரியர் தன் மகளிடம் போய்க் குடியேறப்போவதால் தன் காரை விற்கிறார் என்று பரீது கண்டுபிடித்தார். வெள்ளி நிறத்துச் சின்ன வண்டி. அதிகம் ஓடாதது. டயாலிசிஸ் முடிந்த கையோடு மூன்று பேரும் பார்க்கப் போனார்கள். அவிராச்சன் முன்மூடியைத் திறக்கச் சொல்லி, காதைச் சாய்த்து இன்ஜின் சத்தம் கேட்டார். எண்ணெயைத் தொட்டு முகர்ந்தார். வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ சொல்லாமல் விலகி நின்றுகொண்டார்.

"ஓட்டப்போறது நீ. நீதான் சொல்லணும்."

பிரிஜித்தா உள்ளே உட்கார்ந்தாள். முதலில் கண்ணாடியைத் திருப்பிச் சரிசெய்தாள். அதில் பின்கண்ணாடி வழியாகப் பேராசிரியர் வீட்டு வாசலும், ஜாதிக்காய் மரமும், வெயிலில் காயவைத்த துணியும் தெரிந்தன. அதைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் இருந்தாள். இது போதும் என்றாள்.

பழைய காரை எடுத்துப்போக இரும்பு வியாபாரி வந்த அன்று நானும் அங்கே இருந்தேன். அவன் லாரியோடு கட்டி இழுக்கக் கயிறு கொண்டுவந்திருந்தான். கயிறு வேண்டாம், ஓட்டிக்கொண்டு போ என்று அவிராச்சன் சொன்னார். இது கிளம்பாது என்றான் அவன். சாவியைத் திருகியதும் முதல் தடவையிலேயே கிளம்பிவிட்டது. கர்க்கடக மழையில் இழுத்து வந்து போட்ட பிறகு ஒரு நாளும் கிளம்பாத வண்டி. பிரிஜித்தாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். பின்சீட்டை மட்டும் கழற்றி வைத்துக்கொள்ளட்டுமா என்று அவிராச்சன் அவளிடம் மெதுவாகக் கேட்டார். வேண்டாம், போகட்டும் என்றாள். வண்டி வளைவு திரும்பி மறையும் வரை இரண்டு பேரும் கேட்டருகே நின்றார்கள்.

அன்றே புதிய காரில் அவர்கள் சர்ச்சுக்குப் போனார்கள். லில்லிக்குட்டியின் கல்லறையில் அவிராச்சன் கைத்தடியை ஊன்றிக்கொண்டு வெகுநேரம் நின்றார் என்று சர்ச்சில் மணியடிக்கும் கபியார் சொன்னார்.

அதற்குப் பிறகு ஒரு செவ்வாயோ வெள்ளியோ தவறியதில்லை. முன்சீட்டில் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வருவது அவிராச்சனுக்குப் பிடித்துப்போனது. இத்தனை வருஷம் இந்த ரோட்டில் ஓட்டியும் பாறை மேலே இப்படி நீர் இறங்குவதைத் தான் பார்த்ததே இல்லையே என்பாராம். பரீதுக்குத்தான் குறை. வண்டி நிற்காததால் பேச விஷயம் கிடைப்பதில்லை, ஏறி உட்கார்ந்ததும் தூக்கம் வந்துவிடுகிறது என்று புலம்புவார்.

மறுவருஷம் தவக்காலத்தில், டயாலிசிஸ் இல்லாத ஒரு நாளில், காலைக் கஞ்சி குடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. இதயம் நின்றுவிட்டது என்றார் டாக்டர். எங்கும் கொண்டு ஓட வேண்டியிருக்கவில்லை. அயர்லாந்திலிருந்து மகன் வந்தான். அடக்கம் நடந்தது. ஏழாம் நாள் பூசை முடிந்த பிறகு வந்த செவ்வாய்க்கிழமை, பிரிஜித்தா குளித்துச் சேலை மாற்றிக்கொண்டு காரை வெளியே எடுத்தாள். மகன் பதறி ஓடிவந்து எங்கே என்று கேட்டான். பாலாவுக்கு என்றாள்.

தன்னைக் கூட்டிப்போக வர வேண்டாம் என்று பரீது முன்பே சொல்லி அனுப்பியிருந்தார். அன்று ஈராட்டுப்பேட்டையில் அவர் பேருந்துக்காக நின்றுகொண்டிருந்தார். கார் பக்கத்தில் வந்து நின்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"உங்களுக்கு இனிமே அங்க என்ன வேலை சேச்சி?"

"வண்டி ஓடாம கெடந்தா பேட்டரி போயிரும். ஏறுங்க பரீதிக்கா."

ஏறினார். பின்சீட்டில்தான் உட்கார்ந்தார். முன்சீட்டு காலியாகவே இருந்தது.  திரும்பும்போது பரீது அழுதார்.

அதற்கப்புறம் இரண்டு வருஷத்துக்கு மேல் அவள் அவரைக் கூட்டிக்கொண்டு போனாள். மகன் அயர்லாந்துக்கு அழைத்துப் பார்த்தான். இங்கே வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டாள். போன மழைக்காலத்தில் பரீதும் போய்விட்டார். பள்ளிவாசலுக்கு வெளியே சாலையோரம் காரை நிறுத்தி, அடக்கம் முடியும்வரை அவள் அதற்குள்ளேயே உட்கார்ந்திருந்தாள். முடிந்ததும் பரீதின் மகன் வந்து, ஜன்னல் பக்கம் குனிந்து, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான்.  

அங்கிருந்து நேராக என் வீட்டுக்குத்தான் வந்தாள். பால் சேர்க்காத கட்டன் சாயா போட்டுக் கொடுத்தேன். அதைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு, லில்லிக்குட்டியின் பேரைச் சொல்லிப் பேச ஆரம்பித்தாள். இத்தனை வருஷப் பழக்கத்தில் அவள் வாயிலிருந்து அந்தப் பேரை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. எல்லாவற்றையும் சொன்னாள். ஆறிப்போன சாயாவை ஒரே மூச்சில் குடித்தாள். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, கோழிகளை அடைக்க வேண்டும் டீச்சரே என்று சொல்லி மேலே ஏறிப் போனாள்.