குடிலில் கொட்டிய மாவு

வெண்பனி எப்படி இருக்கும் என்று எங்கள் தேயிலைத் தோட்டத்தில் தெரிந்த ஒரே பிள்ளை நான்தான். அதில் எனக்குத் துளியும் சந்தேகம் இருந்ததில்லை. துரை பங்களாவில் சமையல் பார்த்த மாமா, அங்கே வந்த பழைய கிறிஸ்மஸ் வாழ்த்து அட்டை ஒன்றை எனக்குக் கொடுத்திருந்தார். அதில் கூரை, மரம், கழுதையின் முதுகு எல்லாமே வெள்ளை. ஆகவே குழந்தை யேசு பிறந்த இடத்தில் பனி கொட்டியிருந்தது என்று லயத்துப் பிள்ளைகளிடம் அடித்துச் சொன்னேன். அப்போது எனக்கு ஒன்பது வயது. மறுத்துப் பேசியவனுக்குக் கிறிஸ்மஸ் பலகாரம் கிடையாது என்றும் சொல்லிவைத்தேன்.

எங்கள் தோட்டம் வெலிமடைக்கு மேலே. டிசம்பர் மாதம் வாயைத் திறந்தால் புகை வரும். அம்மா கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டுதான் கொழுந்தெடுக்கப் போவாள். எட்டு வீடு ஒரே வரிசையாக ஒட்டிய எங்கள் லயத்தில் வேதக்காரர்கள் நாங்கள் மட்டும். தீபாவளிக்கு மற்ற ஏழு வீட்டிலிருந்தும் பலகாரத் தட்டு வரும். அந்தத் தட்டுகளை அம்மா கழுவி வைத்துக்கொண்டு, கிறிஸ்மஸுக்கு எங்கள் பலகாரம் நிறைத்துத் திருப்புவாள். வெறுந்தட்டைத் திருப்புவது முகத்தில் அடிப்பதற்குச் சமம்.

அந்த வருஷம் எட்டாவதாக ஒரு தட்டு வந்தது. பித்தளைத் தட்டு. பசறையிலிருந்து அக்காவின் மாமியார் ஆள் மூலம் அனுப்பியிருந்தார். அக்கா இரண்டு வருஷத்துக்கு முன்னால் தன் விருப்பப்படி ஓர் இந்துக் குடும்பத்துப் பையனிடம், மாரியம்மன் கோயிலில் தாலி கட்டிக்கொண்டவள். அன்றிலிருந்து அந்தப் பக்கம் யாரும் தலைவைத்தும் படுக்கக் கூடாது என்பது அப்பாவின் சட்டம். அவர் அந்தத் தட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு யார் மேலும் கோபம் இல்லாததால் நான் அதிரசத்தில் நான்கைத் தின்றேன்.

அம்மா தட்டைப் பலகைமேல் வைத்தாள். "கிறிஸ்மஸுக்கு இது திரும்பிப் போயே ஆகணும். போகாட்டி நாமளே உறவ அத்துவிட்டதா ஆயிரும்" என்றாள். எனக்கு அக்கா வேண்டும். தலையில் பேன் பார்க்கும்போது வலிக்காமல் பார்ப்பவள் அவள் ஒருத்திதான். அவள் பிள்ளையை நான் இன்னும் பார்த்ததுகூட இல்லை.

பெருநாளுக்கு முதல் நாள், அச்சுமுறுக்குச் சுட்டு லயத்துத் தட்டுகள் ஏழையும் பகலிலேயே அனுப்பியாயிற்று. எங்களுக்கு மிஞ்சியது நொறுங்கல்தான். அம்மா தண்ணீருக்குப் போன நேரத்தில் நான் குடில் கட்டி முடித்தேன். பாசி, மூங்கில், களிமண் மாடு எல்லாம் அருமையாக அமைந்துவிட்டன. வெண்பனி மட்டும்தான் குறை. அடுப்படியில் ஒரு சுளகில் வெள்ளை வெளேரென்று அரிசி மாவு இருந்தது. முழுவதையும் வாரித் தூவினேன். அட்டையில் இருந்ததைவிட என் பெத்லகேம் அழகாக இருந்தது என்று இன்றைக்கும் சொல்வேன்.

அம்மா வந்து பார்த்தாள். ஈரப் பாசியில் மாவு கூழாகிக்கொண்டிருந்தது. முதுகில் இரண்டு போட்டாள். பிறகு அவளே உட்கார்ந்து அழுதாள்.

"அது அக்கா தட்டுக்குன்னு எடுத்து வச்ச மாவுடி. இனி தோட்டத்துல அரிசி போடுற வரைக்கும் வீட்டுல ஒரு மணி அரிசி கிடையாது. எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அந்தத் தட்டக் குடுப்பேன்?"

வாசலில் நின்ற அப்பாவும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். எனக்கு அப்போதுதான் பயம் வந்தது. அக்காவின் உறவை நானே அறுத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

விடிந்ததும் கதவைத் திறந்தால் பள்ளத்துப் புல்லெல்லாம் நிஜமாகவே வெள்ளையாக உறைந்து கிடந்தது. பிள்ளைகள் அதன்மேல் ஓடிக் கத்தினார்கள். "நான் சொல்லல?" என்று நானும் ஓடியிருக்க வேண்டும். ஆனால் அப்பாவைக் காணவில்லை. பலகைமேல் பித்தளைத் தட்டையும் காணவில்லை. அம்மாவும் நானும் மட்டும் கிறிஸ்மஸ் பூசைக்குக் கோயிலுக்குப் போனோம்.

பொழுது சாயும் முன் அப்பா ஏற்றத்தில் வந்தார். தோளில் கம்பளிக்குள் ஒரு சின்னத் தலை. பின்னால் மச்சானும் அக்காவும். அம்மா ஓடிப்போய்ப் பிள்ளையை வாங்கிக்கொண்டாள். நான் அக்காவின் சேலையைப் பிடித்தவள் விடவே இல்லை.

அடுப்படியில் அக்கா மெதுவாகச் சொன்னாள். "வாசல்லயே நின்னுட்டாரும்மா. 'வெறுந்தட்டா கொண்டாந்துட்டேன், தப்புதான், மன்னிச்சிக்கோங்க'ன்னு அத்தைக்கிட்ட கையெடுத்துக் கும்பிட்டாரு. 'தட்டுக்காகவா இவ்வளவு, உள்ள வாங்க சம்பந்தி'ன்னு அத்தையும் அழுதுட்டாங்க."

கல்யாணத்தைப் பற்றி அவர் அங்கே ஒரு வார்த்தையும் பேசவில்லையாம். அதற்குக் கேட்க முடியாத மன்னிப்பைத் தட்டுக்குக் கேட்டுவிட்டார். மாவை நான் கொட்டாமல் இருந்திருந்தால் முறுக்குத்தான் பசறைக்குப் போயிருக்கும், அப்பா போயிருக்க மாட்டார். இதை எத்தனையோ முறை வீட்டில் எடுத்துச் சொல்லியும் என்னை ஒருவரும் பாராட்டியதில்லை.

மச்சான் பையிலிருந்து பித்தளைத் தட்டை எடுத்தார். அத்தை அதை வெறுமையாகத் திருப்பவில்லை. நிறைய எள்ளுருண்டை. அம்மா அதை மறுபடி பலகைமேல் வைத்துவிட்டு, அடுத்த தடவை யாரிடம் கொடுத்தனுப்புவது என்று வாய்விட்டு யோசித்தாள்.

"ஏன், நான் இல்லையா?" என்றார் அப்பா.