விரதம் முடிந்த மறுநாள் மாத்திரை

லிஃப்டில் ஏறச் சொன்னாலே முகம் வெளுத்துப்போகிற பெண் சுகப்பிரியா. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்து, வல்லம் வடகாலில் கார்களுக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் ஒப்பந்த வேலை பார்க்கிறாள். அப்படிப்பட்டவள் ஒரு பெரிய நோயைக் கம்பெனியில் யாருக்கும் தெரியாமல் மறைத்து வைத்திருந்தாள் என்றால் நம்ப முடிகிறதா? தெரிந்தால் வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள் என்ற பயம் நோயைவிடப் பெரிதாக இருந்தது.

போன வருடம் அவளுடைய இடது கண் மங்கியது. சிவப்பு ஒயர் பழுப்பாகத் தெரிந்தது. சென்னையில் நரம்பு டாக்டர் அவளுக்குப் புரியும்படியே சொன்னார். "ஒயருக்கு மேல பிளாஸ்டிக் உறை இருக்குல்ல, நரம்புக்கும் அது மாதிரி கொழுப்பு உறை உண்டும்மா. உன்னோட வெள்ளை அணுக்களே அதைக் கடிச்சு வைக்குது."

ரத்தத்தில் ஸ்பிங்கோசின் பாஸ்பேட் என்று ஒரு கொழுப்புப் பொருள் உண்டாம். நிணநீர் முடிச்சுகளுக்குள் இருக்கும் வெள்ளை அணுக்களை 'வெளியே வா' என்று கூப்பிடுவது அதுதான். டாக்டர் தந்த கேப்ஸ்யூல் அணுக்களின் காதை அடைத்துவிடும், கூப்பிட்டாலும் வராது. வம்பு என்னவென்றால், அதே காது இதயத்துக்கும் இருக்கிறது. முதல் மாத்திரைக்குத் துடிப்பு இறங்கும், போகப்போகப் பழகிவிடும். அதனால் முதல் நாள் அவளை ஆஸ்பத்திரியில் மிஷின் மாட்டி உட்கார வைத்திருந்தார்கள். "இடையில நிறுத்தாதே. நிறுத்திட்டா நீயா மறுபடி போடாதே, இங்க வந்துடு" என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார்.

கண் தெளிந்தது. வல்லக்கோட்டை முருகனுக்கு ஆடி விரதம் இருப்பதாக நேர்ந்திருந்தாள். விரதம் தொடங்கிய அன்று, அறையில் கூடத் தங்கியிருந்த அன்னக்கிளி கேட்டாள்: "ஏட்டி, அந்த மாத்திரைக் கூடு மாட்டெலும்புல செய்யுததுல்லா? விரதத்துல அதையா முழுங்குத?"

அன்னக்கிளி சொன்னது பொய்யும் இல்லை. முட்டை பொரித்த கரண்டியைக்கூடத் தொடாத சுகப்பிரியா, மாத்திரை டப்பாவை அலமாரி மேல் தூக்கி வைத்துவிட்டாள். மூன்று வாரத்துக்கு மேல் அது அங்கேயே கிடந்தது.

கிருத்திகையன்று நடந்தே போய்க் கும்பிட்டாள். மறுநாள் காலை ஒரு கேப்ஸ்யூலை முழுங்கிவிட்டு கம்பெனி பஸ் ஏறினாள். டாக்டர் சொன்னதில் 'நிறுத்தாதே' மட்டும்தான் அவளுக்கு நினைவிருந்தது.

டீ இடைவேளை முடிந்து லைனில் நின்றபோது தலை லேசானது. நெஞ்சில் ஒரு துடிப்பு. அடுத்தது வரவில்லை. வருமா, வருமா என்று காத்திருந்த பிறகு வந்தது. அப்போதுதான் டாக்டர் சொன்ன மறுபாதி நினைவுக்கு வந்தது. செத்தோம் என்று நினைத்தாள்.

பக்கத்தில் நின்ற உள்ளூர்க்காரி ஜாஸ்மின் அவள் கையைப் பிடித்தாள். "இன்னாடி, கை ஜில்லுனு கீது?"

"ஒண்ணுமில்லக்கா."

சூப்பர்வைசர் டில்லிபாபு திரும்பிப் பார்த்தார். சொன்னால் வேலை போகும், சொல்லாவிட்டால் உயிர் போகும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நமக்குத் தோன்றும். அவள் யோசித்தாள். அடுத்த துடிப்பு இன்னும் தாமதமானது.

"சார், எனக்கு நரம்பு வியாதி சார். விட்டுப்போன மாத்திரைய நீயா போடக்கூடாதுன்னு சொன்னாவ. போட்டுட்டேன் சார். நெஞ்சு நின்னுரும் போலருக்கு" என்று எல்லோர் முன்னாலும் வாய்விட்டு அழுதாள்.

"இன்னாமா நீ, இத்தையெல்லாமா மறைப்பாங்க? யப்பா, வண்டிய எடு!" டில்லிபாபு வாசலுக்கு ஓடினார்.

ஆஸ்பத்திரி மிஷினில் துடிப்பின் எண் இறங்கிக்கொண்டே போனது. அவள் முருகனைக் கூப்பிட்டாள், ஜாஸ்மின் ஏசுவைக் கூப்பிட்டாள். மாலையில்தான் எண் ஏறத் தொடங்கியது. டாக்டருக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "இதயத்துக்குப் பழக்கம் விட்டுப்போச்சும்மா. திரும்பவும் முதல் நாள்தான். நாளைக்கும் போட்டாகணும்."

இரவெல்லாம் அவளுக்குப் போடவும் பயம், போடாமலிருக்கவும் பயம்.

காலையில் நர்ஸ் கேப்ஸ்யூலை நீட்டினாள். சுகப்பிரியா கண்ணை மூடிக்கொண்டு முழுங்கினாள். உடனே கையை ஜாஸ்மினிடம் நீட்டினாள்.

"அடிக்குதாக்கா?"

"அடிக்குதுடி."

"விட்டுராதிய."

ஜாஸ்மினுக்கு அன்று காலை ஷிஃப்ட். அவள் கையை விடவில்லை.