பக்கத்து சீட்டைப் பார்த்த மீட்டர்

சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். நடந்தது நடந்ததுதான். அந்த லாரி இன்னும் ஓடுகிறது. வேண்டுமானால் போய்ப் பாருங்கள். பக்கத்து சீட்டில் மட்டும் அதை ஓட்டுகிறவள் யாரையும் உட்கார விடமாட்டாள்.

லாரி அவள் புருஷனுடையது. கம்பெனி கொடுத்த இழுவை போதாதென்று அவனே இன்ஜினை ட்யூனிங் செய்திருந்தான். மேடு ஏறினால் டர்போ வெறி பிடித்த மாதிரி இன்ஜினுக்குள் காற்றை ஊதும். அழுத்தம் முப்பது பவுண்டைத் தாண்டினால் மஞ்சள் விளக்கு எரியும். இன்ஜின் சுருண்டுகொள்ளும். லாரி ஆமையாகிவிடும். நாலு தடவை அப்படி ஆனால் அழுத்தத்தை அளக்கும் சென்சர் காலி. இரண்டு மாதத்துக்கு ஒன்று மாற்றிக்கொண்டிருந்தான்.

அதற்கு அவன் கண்டுபிடித்த வைத்தியம், அவள். தனியாக ஒரு மீட்டர் வாங்கி, பக்கத்து சீட்டைப் பார்த்துத் திருப்பி மாட்டினான்.

"நான் ரோட்டைப் பாக்கறேன். நீ முள்ளைப் பாரு."

மேட்டில் அவள் உரக்கச் சொல்வாள். "இருபத்தாறு... இருபத்தெட்டு... விடுங்க!" அவன் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுப்பான். விளக்கு எரியாது. கடைசியில் அவளுக்கே 'மீட்டர்' என்று பெயர் வைத்துவிட்டான்.

"இந்த வண்டியில ரிப்பேரே ஆகாத பார்ட்டு நீ ஒருத்திதான்டி."

"வாய் மட்டும் எப்பவும் ஓவர்லோடு உங்களுக்கு."

ஒரே ஒரு நாள் அவளுக்குக் காய்ச்சல். தனியாகப் போனான். மேட்டின் கடைசி வளைவில் விளக்கு எரிந்திருக்கிறது. ஓரங்கட்டி, பானெட்டைத் திறந்து குனிந்து நின்றிருக்கிறான். எதிரே வந்த பஸ் அவனைப் பார்க்கவில்லை.

லாரியில் ஒரு கீறல்கூட இல்லை.

அழுது ஓய்ந்த பிறகு அவள் சாவியை எடுத்தாள். லைசென்ஸ் அவனே முன்பு எடுத்துக் கொடுத்திருந்தான்.

"கம்பெனி செட்டிங்குக்கே மாத்திடலாம் தங்கச்சி. சென்சராவது பொழைக்கும்," என்றார் மெக்கானிக்.

"அவர் கை வெச்ச இன்ஜின்ணே. தொடாதீங்க."

முதல் நடை. நல்ல பகல். லேசான தூறல். மேடு தொடங்கியது. ஊஊஊய்ங்... என்று டர்போ எழுந்தது.

"இருபத்தாறு..."

ரேடியோ என்று நினைத்தாள். ரேடியோ அணைந்திருந்தது.

"இருபத்தெட்டு..."

காலி சீட்டின் ரெக்ஸின் நடுவில் குழிந்திருந்தது... ஓர் ஆள் கனத்துக்கு.

"விடு!"

அவள் கால் தானாக எழுந்தது.

விளக்கு எரியவில்லை.

அன்று வண்டியை நிறுத்திவிட்டு அழுதாள். பயமா, சந்தோஷமா... அவளுக்கே தெரியவில்லை.

ஒன்பது மாதம். ஒவ்வொரு நடையிலும் அந்தக் குரல். வெளியே சொன்னால் பைத்தியம் என்பார்கள். வாயைத் திறக்கவில்லை. ஆனால் போன வாரம் குரல் மெலிந்திருந்தது. ஒரு நம்பருக்கும் அடுத்ததற்கும் நடுவே நீளமாய் ஒரு மூச்சு. மேடு முழுக்க மூட்டை சுமந்து ஏறியவன் மாதிரி.

களைத்துவிட்டான். அதை அவளால் தாங்க முடியவில்லை.

"மீட்டரை என் பக்கம் திருப்பிக் குடுங்கண்ணே. இனிமே நானே பாத்துக்கறேன்."

"இப்பவாவது தோணுச்சே! இத்தனை நாள் கழுத்தை ஒடிச்சுக்கிட்டா பாத்தே?"

மீட்டருக்கு வரும் குழாய் எட்டுமா என்று பார்க்க மெக்கானிக் பானெட்டைத் திறந்தார். உள்ளே போன கை அப்படியே நின்றது.

இன்ஜினிலிருந்து மீட்டருக்குப் போக வேண்டிய குழாய் கழன்று தொங்கியது. இன்ஜினில் அது மாட்டியிருந்த வாயை ஒரு போல்ட்டால் அடைத்து, கம்பியால் முறுக்கிக் கட்டியிருந்தது.

"இது அவன் போட்ட முடிச்சு. குழாய் வெடிச்சிருக்கு. அன்னைக்கு ரோட்டுல நின்னு இதைத்தான் கட்டியிருக்கான்..." அவர் குரல் இறங்கியது. "அதுக்கப்புறம் இந்த முள்ளு அசைஞ்சே இருக்காது, தங்கச்சி."

சென்சரைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"இந்த ட்யூனிங்குக்கு ரெண்டு மாசம் தாங்கினா பெரிசு. இது ஒன்பது மாசம் ஆகியும் புதுசு மாதிரி இருக்கு. நீ எதைப் பாத்துக் காலை எடுத்தே?"

அவள் காலி சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

புதுக் குழாய். மீட்டர் இப்போது அவள் பக்கம். மறுநாளே அதே மேடு ஏறினாள்.

இருபத்தாறு. முள் காட்டியது.

குரல் இல்லை.

இருபத்தெட்டு.

"என்னங்க...?"

பக்கத்தில் திரும்பிப் பார்த்தாள். அந்த ஒரு கணம்... முள் முப்பதைத் தாண்டியது.

மஞ்சள் விளக்கு.

இன்ஜின் சுருண்டது. உருண்டு உருண்டு, கடைசி வளைவில் லாரி நின்றது. அவன் நிறுத்திய அதே ஓரம்.

மழை கூட இல்லை. காற்று இல்லை.

டக்.

அந்தப் பக்கத்துக் கதவு திறந்தது.

ரெக்ஸின் மெல்ல மேலெழுந்து சமமானது.

கதவு மூடியது. படாரென்று அல்ல... லேசாகத் தூக்கி, உள்ளே தள்ளி. தொங்கிப்போன கீலுக்காக அவன் எப்போதும் மூடுகிற விதம்.

"இறங்காதீங்க..." என்றாள். "நான் திருப்பிடறேன்... இப்பவே திருப்பிடறேன்..."

நகம் கிழிய ஸ்குரூவைத் தளர்த்தி, அங்கேயே மீட்டரைப் பழையபடி பக்கத்து சீட்டைப் பார்த்துத் திருப்பினாள். இருட்டும்வரை காத்திருந்தாள்.

இப்போது இரண்டு மாதத்துக்கு ஒரு சென்சர் போகிறது. மெக்கானிக் ஒன்றும் கேட்காமல் மாற்றிக் கொடுக்கிறார். மீட்டர் இன்னும் அந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது.

முள் ஒழுங்காக அசைகிறது. பார்த்துச் சொல்லத்தான் ஆளில்லை.