இரைச்சல் இல்லாத பிக்கப்

சனிக்கிழமை காலை ஒன்பது மணி இருபது நிமிடம். நேரம் இவ்வளவு துல்லியமாக நினைவிருப்பதற்குக் காரணம், அந்த நிமிடத்தில்தான் என் கணவர் திராட்சைத் தோட்டத்திலிருந்து போன் செய்தார். "மூணு பேஸு கரண்ட் வந்திருச்சு. மோட்டாரப் போட்டுட்டு நானே வாரேன், சாப்பாட்டத் தூக்கிட்டு அலையாத" என்றார். சரி என்று நான் சொல்லி முடிப்பதற்குள் கூடத்தில் இரும்பு தரையில் விழுந்து உருளும் சத்தம் கேட்டது.

என் மகள் ஜன்னலுக்கும் ஸ்டூலுக்கும் நடுவில் கிடந்தாள். கண் திறந்திருந்தது, ஆனால் என்னை அடையாளம் தெரியவில்லை. வாத்தியம் வாசிக்க அவள் கையில் வைத்திருந்த எஃகு உருளை குளிர்சாதனப் பெட்டிக்கு அடியில் போய் முட்டி நின்றது. யாருக்காவது ஷாக் அடித்தால் வெறும் கையால் தொடாதே, முதலில் சுவிட்சை அணை என்று இருபத்தோரு வருடமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறேன். இயற்பியல் ஆசிரியை நான். ஆனால் அன்று ஓடிப்போய் வெறும் கையால்தான் அவளைப் பிடித்து இழுத்தேன். விழுந்த வேகத்தில் அவள் கை தானாகவே விலகியிருந்ததால் எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

அவள் இப்போது நன்றாக இருக்கிறாள். படிப்பவர்கள் பதற வேண்டாம் என்று இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் பதற்றம்தான் இன்னும் போகவில்லை.

அந்த வாத்தியம் எங்கள் வீட்டுக்கு வந்த கதை சின்னது. கனடாவில் வேலை பார்க்கும் என் அண்ணன் மூன்று வருடத்துக்கு முன்பு விடுமுறைக்கு வந்தபோது அதைக் கொண்டுவந்தார். பெடல் ஸ்டீல் கிட்டார். கிட்டார் என்று பெயரே ஒழிய, பார்ப்பதற்கு நாலு கால் வைத்த இஸ்திரி மேசை மாதிரி இருக்கும். மேலே பத்துக் கம்பிகள். இடது கையில் எஃகு உருளையைப் பிடித்துக் கம்பிகளின்மேல் நகர்த்த வேண்டும், வலது கையால் மீட்ட வேண்டும், கீழே இருக்கும் பெடல்களைக் காலால் மிதித்தால் சுருதி வளைந்து ஏறும். அண்ணன் கோவில் பாடற்குழுவுக்காக அதில் இரண்டு பாட்டு வாசித்துக் காட்டினார். திரும்பிப் போகும்போது, "இத மறுபடி பிளைட்டுல ஏத்துனா என் இடுப்பு போயிரும்" என்று விட்டுவிட்டுப் போனார். கூடவே அதன் ஆம்ப்ளிபயரையும், அந்த ஊர் மின்சாரத்துக்குச் செய்த அதை நம் ஊரில் ஓட்டுவதற்கு மின்னழுத்தத்தைக் குறைக்கும் ஸ்டெப் டவுன் பெட்டியையும்.

கல்லூரி முதலாண்டில் இருந்த என் மகள் அதைப் பிடித்துக்கொண்டாள். செருப்பில்லாமல் உட்கார்ந்து, பெருவிரலால் பெடலைத் தடவிப் பார்த்து மிதிப்பாள். சாயங்காலத் திருப்பலிப் பாட்டுகளை அதில் அவள் வாசிக்கும்போது, மனிதக் குரல் வார்த்தையை மறந்துவிட்டு ராகத்தை மட்டும் வைத்துக்கொண்டு நிற்பது போல இருக்கும்.

ஆனால் ஆம்ப்ளிபயரில் ஓர் இரைச்சல். ஒன்றரை வருடத்துக்கு முன்பு அது ஆரம்பித்தது. முதலில் லேசாக, பிறகு கூடத்தையே நிரப்புகிற அளவுக்கு. தோட்டங்களுக்கு மும்முனை மின்சாரம் வந்து சுற்றுவட்டார மோட்டார்கள் எல்லாம் ஓடத் தொடங்கினால் இன்னும் அதிகமாகும். பக்கத்து அறையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருக்கும் எனக்குத் தலை வலிக்கும்.

"அந்தக் கருமத்த அமத்து, தாயி!"

"அமத்திட்டேன்மா. ஒன் தலவலிதான் இன்னும் ஓடுது" என்பாள்.

இரைச்சல் ஏறினால் அவளே அணைத்துவிடுவாள். அதைக் கேட்டுக்கொண்டு வாசிக்க அவளாலும் முடியாது. அப்படி அணைத்துவைத்த நேரங்களை இப்போது நினைத்துப் பார்க்கிறேன்.

இன்னொன்றையும் கவனித்திருந்தோம். அவள் கையைக் கம்பிகளின் மேல் வைத்தவுடன் இரைச்சல் பாதியாகக் குறையும். கையை எடுத்தால் மறுபடி எழும்பும். "பாத்தியா, ஒங்கை பட்டா அடங்குது. என் கை பட்டா நீ எப்ப அடங்குன?" என்று நான் கேலி செய்திருக்கிறேன். உள்ளுக்குள் பெருமையாகவும் இருந்தது. குழந்தையாக இருந்தபோது அவள் நெஞ்சில் கை வைத்தால் அழுகை நின்றுவிடும், அது போல என்று எண்ணிக்கொண்டேன். நான் படித்த படிப்புக்கு, அந்த இடத்தில் நெஞ்சம் உருகாமல் மண்டை வேலை செய்திருக்க வேண்டும்.

மண்டை வேலை செய்யவே இல்லை என்றும் சொல்ல முடியாது. தவறான பக்கம் வேலை செய்தது. கம்பிகளுக்கு அடியில், வலது கைக்குப் பக்கத்தில், கறுப்பாக ஒரு சின்னக் கட்டை இருக்கும். அதுதான் பிக்கப். காந்தத்தைச் சுற்றி மயிரிழை போன்ற செம்புக்கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுச் சுற்றியிருப்பார்கள். மேலே கம்பி அதிர்ந்தால் சுருளில் மின்சாரம் பிறக்கும், அதுதான் ஓசையாக மாறும். பன்னிரண்டாம் வகுப்பில் நான் வருடா வருடம் நடத்தும் மின்காந்தத் தூண்டல் பாடம். கம்பியின் அதிர்வை வாங்குகிற சுருள் மோட்டாரின் காந்தப்புலத்தையும் வாங்கும். அப்படியென்றால் எதிரெதிராகச் சுற்றிய இரண்டு சுருள்களை அருகருகே வைத்தால் இரைச்சல் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும், பாட்டு மட்டும் மிஞ்சும். கரும்பலகையில் வரைவது போலத் தாளில் வரைந்து மகளிடம் காட்டினேன்.

"டீச்சரம்மா, படமெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா ரெட்டச் சுருள் வச்சா ஓசை மங்கிரும்னு மாமா சொன்னாக. இது ஒத்தச் சுருள்மா. இதுலதான் அந்த அழுக வருது" என்றாள்.

"அழுகைக்கு நம்ம வீட்டுல பஞ்சமா?"

அவளுக்குப் பழைய பிக்கப்தான் வேண்டும். எனக்கு அமைதி வேண்டும். ஒரு மாதம் இழுபறியாகப் போனது. கடைசியில் குமுளிக்கு அப்பால் கிட்டார் பழுது பார்க்கும் ஒருவர் இருக்கிறார், பிக்கப்பும் கையாலேயே சுற்றுவார் என்று கேள்விப்பட்டு, என் கணவர் திராட்சைப் பெட்டி ஏற்றும் வண்டியில் அந்த வாத்தியத்தைப் போர்வையில் சுற்றி ஏற்றிக்கொண்டு மலையேறினோம். எங்கள் ஆம்ப்ளிபயரைக் கொண்டுபோகவில்லை, அவர் கடையிலேயே வேறொன்று இருந்தது.

அவர் முதலில் பழைய பிக்கப்போடு அப்படியே இணைத்து, மகளை வாசிக்கச் சொன்னார். இரைச்சலே இல்லை. காதைக் கிட்டே கொண்டுபோனால் கேட்கிற அளவுக்கு ஒரு முனகல், அவ்வளவுதான். மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"கேட்டியாம்மா? பழசு நல்லாத்தான இருக்கு?"

"இங்கன மோட்டார் ஓடல. அதான்" என்றேன்.

அந்தக் கடைக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு, மலையாளம் கலந்த தமிழில் கேட்டார்: "டீச்சரே, வீட்டில் எர்த் ஒக்கெ சரியாணோ? ஒண்ணு நோக்கிட்டு வாங்க. அதுக்கப்புறம் பிக்கப் மாத்தலாம்."

"வீடு கட்டுறப்பவே எல்லாம் மூணு பின் பிளக்குதான் வச்சோம்" என்று சொன்னேன். இயற்பியல் ஆசிரியையிடம் எர்த் பற்றிக் கேட்கிறாரே என்ற எரிச்சல் என் குரலில் இருந்திருக்க வேண்டும். அவர் பத்துக் கம்பிக்கு அளவெடுத்து, மூன்று வாரத்தில் இரட்டைச் சுருள் பிக்கப் செய்து, புதுக் கம்பிகளோடு மாட்டித் தந்தார். பழையதைப் பஞ்சில் சுற்றிக் கையில் கொடுத்தார். மகள் அதை அவளுடைய சின்ன வயது டிபன் பாக்ஸில் போட்டு அலமாரியில் வைத்தாள்.

வீட்டில் கொண்டுவந்து வாசித்துப் பார்த்தோம். நான் வரைந்த படம் பலித்தது. இரைச்சல் மூடிய கதவுக்குப் பின்னால் மின்விசிறி ஓடுவது போலச் சுருங்கிவிட்டது. ஓசை கொஞ்சம் மங்கத்தான் செய்தது, ஆனால் நான் அதை ஒப்புக்கொள்ளவில்லை. மோட்டார் ஓடும் நேரத்திலும் மகள் இப்போது வாசித்தாள். ஒருநாள், "அம்மா, கம்பியத் தொட்டா லேசாக் கூசுது" என்றாள். "புதுக் கம்பி மாட்டியிருக்கேல்ல, அப்படித்தான் இருக்கும்" என்றேன். விடைத்தாளிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னேன்.

அந்தச் சனிக்கிழமைக்கு முந்தின நாள் நல்ல மழை. கூடத்துச் சுவர் நனைந்து ஊறியிருந்தது. காலையில் வெயில் நேராகக் கம்பிகளில் அடித்துக் கண் கூசியிருக்கிறது. இடது கையை உருளையோடு கம்பிகளின் மேலேயே வைத்துக்கொண்டு, திரைச்சீலையை இழுப்பதற்காக வலது கையை நீட்டி, அந்த ஈரச் சுவரில் பதிந்த ஜன்னல் கம்பியைப் பிடித்திருக்கிறாள்.

தேனியில் ஒரு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். இடது உள்ளங்கையில் ஒரு தீக்காயம், வலது விரல்களில் இரண்டு. இதயத் துடிப்பை ஒருநாள் முழுக்கப் பார்த்துவிட்டு மறுநாள் மதியம் அனுப்பினார்கள். வண்டியில் திரும்பினோம். சின்னமனூர் தாண்டியதும் என் கணவர் சொன்னார்:

"அந்தச் சனியனத் தூக்கி எவனுக்காச்சும் குடுத்துருவோம். சாமியாருகிட்டச் சொன்னா கோவில் பரண்ல போட்டுக்குவாக."

மகள் ஜன்னல் பக்கம் திரும்பியபடியே, "குடுத்திராதீக" என்றாள். பிறகு, "இனி தொடுவேனான்னு தெரியல. ஆனா குடுத்திராதீக" என்றாள்.

வீட்டை வயரிங் செய்தவருக்கு அன்றைக்கே போன் செய்தேன். அவர் வருசநாட்டுப் பக்கம் ஒரு புது வீட்டு வேலையில் இருந்தார். சிக்னல் கிடைத்தால் பேசுவார், பேசும்போதே அறுந்துவிடும். நாலு நாள் ஆயிற்று. அந்த நாலு நாளும் வீட்டில் மின்விசிறியைத் தவிர எதையும் போடவில்லை. மிக்ஸியைத் தொட எனக்குக் கை வரவில்லை. வாத்தியத்தின் மேல் ஒரு பழைய வேட்டியைப் போர்த்தியிருந்தார் என் கணவர். அதைத் தாண்டிப் போகும்போதெல்லாம் மகள் கொஞ்சம் ஒதுங்கி நடந்தாள். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, கால் விரலை மட்டும் இல்லாத பெடலில் மிதிப்பது போல அசைத்துக்கொண்டிருந்ததை ஒருமுறை பார்த்தேன். நான் பார்ப்பது தெரிந்ததும் நிறுத்திவிட்டாள்.

புதன்கிழமை சாயங்காலம் நான் பள்ளியிலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தபோது வயர்மேன் வந்து சேர்ந்தார். சட்டையெல்லாம் சுண்ணாம்பு. தண்ணீர்கூட வாங்காமல் ஸ்டெப் டவுன் பெட்டியைத் திறந்தார். உள்ளே மின்கம்பியின் உறை உரசி உரசித் தேய்ந்து இரும்புப் பெட்டியைத் தொட்டுக்கொண்டிருந்தது; அங்கிருந்து ஆம்ப்ளிபயர் வழியாக வாத்தியத்தின் கம்பிகள் வரை மின்சாரம் போயிருக்கிறது. பிறகு கூடத்து பிளக்கில் சோதனை விளக்கு வைத்துப் பார்த்தார். கீழ் இரண்டு ஓட்டைகளுக்கு நடுவே எரிந்தது. மேலே இருக்கும் எர்த் ஓட்டைக்கு மாற்றினால் எரியவில்லை. எழுந்து கொல்லைப் பக்கம் போனார். நாங்களும் பின்னால் போனோம்.

கொல்லை முழுவதும் சிமெண்ட் தளம். இரண்டு வருடத்துக்கு முன்பு, சேறு வீட்டுக்குள் வருகிறது என்று நான்தான் போடச் சொன்னேன்.

அவர் சுவரோரம் குனிந்து நின்று கேட்டார்: "டீச்சர், இங்கனதான எர்த்துக் குழி இருந்துச்சு? கரியும் உப்பும் போட்டு நானே பொதச்சேனே. வாரத்துக்கு ஒரு வாளித் தண்ணி ஊத்தணும்னு சொன்னேன்ல?"

சொன்னார். நானும் பன்னிரண்டு வருடம் சனிக்கிழமை தவறாமல் ஊற்றினேன். பாத்திரம் கழுவிய தண்ணீரும் அங்கேதான் போகும். தளம் போட்டபோது குழாயின் தலை தட்டுப்படுகிறது என்று கொத்தனார் கேட்டார். மூடிவிடுங்கள் என்றேன். அதற்குச் சில மாதம் கழித்துத்தான் இரைச்சல் ஆரம்பித்தது. இரண்டையும் நான் ஒருநாளும் சேர்த்து யோசித்ததில்லை.

அவர் சுவரிலிருந்து இறங்கும் பச்சை எர்த் வயரைப் பிடித்து இழுத்தார். தளத்தோரம் வரை வந்து, அறுந்த நுனி கையோடு வந்தது. "கொத்தன் கரண்டியிலயே வெட்டிட்டான்" என்றார். என் கணவர் தலையில் கை வைத்துக்கொண்டு தளத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். மின்சாரம் மண்ணுக்குப் போக வேறு வழியில்லாமல் ஒன்றரை வருடமாக என் மகளின் உடம்பைத்தான் தேடியிருக்கிறது. அவள் கை பட்டதும் இரைச்சல் அடங்கியதே, அது இதனால்தான்.

நான் எல்லாவற்றையும் வயர்மேனிடம் சொன்னேன். இரைச்சல், மலைமேல் கடை, புதுப் பிக்கப், கை கூசியது எல்லாம். மறைக்கத் தோன்றவில்லை. மகள் உள்ளே போய் அந்த டிபன் பாக்ஸை எடுத்து வந்தாள். கட்டுப் போட்ட கையால் மூடியைத் திறக்க முடியவில்லை. அவர் வாங்கித் திறந்து, பஞ்சை விலக்கிப் பழைய பிக்கப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுவா கத்துனது?"

"ஆமாண்ணே" என்றாள் மகள்.

"நாளைக்கே தளத்தப் பேத்து வேற குழி போட்டுத் தாரேன், பாப்பா. லீக்கானா கரண்ட அமத்துற சுவிட்சும் ஒண்ணு வச்சிருவோம்" என்று சொல்லிவிட்டு, அவர் அந்தக் கறுப்புக் கட்டையை என் கையில் வைத்தார்.

"பழசையே மாட்டுங்க, டீச்சர். மறுபடி கத்துச்சுன்னா இத மாத்தாதீக. எனக்குப் போன் போடுங்க."